உலாவிக்குள் ஒரு குடித்தனம்

ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு மூன்று நாள் விடுப்பு வேண்டும். முன்பெல்லாம் அவர் ஒரு தாளில் எழுதித் தலைமை எழுத்தரிடம் கொடுப்பார். அது மேலதிகாரியின் மேசைக்குப் போகும், கையெழுத்தாகித் திரும்பும், பிறகு ஒரு கோப்பில் அடங்கிவிடும். இன்று பெரிய நிறுவனங்களில் இந்தத் தாள் கண்ணில் படுவதில்லை. கணிப்பொறித் திரையில் ஒரு படிவம் தோன்றுகிறது. அதை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் மேலதிகாரியின் திரையில் போய் நிற்கிறது. இவ்வாறு கோப்புகள், படிவங்கள், அறிவிப்புகள் ஆகியவற்றைப் பலர் கூடிப் பயன்படுத்துவதற்கென அமைந்த மென்பொருளைக் கூட்டுப்பணித் தளம் எனலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001-இல் முதன்முதலாக வெளியிட்ட 'ஷேர்பாயிண்ட்' இவ்வகையில் உலகெங்கும் பரவிய ஒன்று.

இத்தகைய தளத்தை எந்த நிறுவனமும் வாங்கியபடியே வைத்துக்கொள்வதில்லை. ஓரிடத்தில் விடுப்புக்கு ஒருவர் கையெழுத்துப் போதும். இன்னோரிடத்தில் மூவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைக்கு வேண்டிய படிவம் வங்கிக்கு உதவாது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டிய சிறு சிறு நிரல்களை எழுதித் தளத்தோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படி எழுத உட்காரும் நிரலர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் எழுதும் நிரல் எந்தக் கணிப்பொறியில் ஓட வேண்டும்? யாருடைய அதிகாரத்தில் ஓட வேண்டும்?

ஷேர்பாயிண்ட் இக்கேள்விக்கு இதுவரை நான்கு விடைகளைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொன்றையும் சொன்னபோது 'இதுவே சரியான வழி' என்றுதான் சொன்னது. இந்த நான்கு விடைகளையும் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கல்லூரியில் கணிப்பொறியியல் படிக்கும் நீங்கள் நாளை ஒரு நிறுவனத்தில் சேரும்போது, இந்நான்கில் எதிலோ எழுதப்பட்ட ஒரு பழைய நிரல் உங்கள் கைக்கு வரக்கூடும். அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தெரிந்திருப்பது நல்லது அல்லவா?

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. வலைவழி இயங்கும் எந்தத் தளத்திலும் இரண்டு கணிப்பொறிகள் பங்கு பெறுகின்றன. ஒன்று, சர்வர் எனப்படும் வழங்கி. கோப்புகளும் பட்டியல்களும் அங்கே இருக்கின்றன. மற்றொன்று உங்கள் மேசைமேல் இருக்கும் கணிப்பொறி; அதிலுள்ள உலாவி, வழங்கி அனுப்பும் பக்கத்தை வாங்கித் திரையில் காட்டுகிறது. தொடக்கத்தில் உலாவிக்குக் காட்டும் வேலை மட்டுமே இருந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற நிரல்மொழி பிறந்த பிறகு, பக்கத்தோடு நிரலும் சேர்ந்து வந்து உலாவிக்குள்ளேயே ஓடத் தொடங்கியது. 1999-இல் மற்றொரு திருப்பம். பக்கத்தை முழுதாக மாற்றாமலே, பின்னணியில் வழங்கியோடு பேசும் திறன் மைக்ரோசாஃப்டின் ஐந்தாம் பதிப்பு உலாவியில் இடம்பெற்றது. அந்தத் திறனைக் கேட்டு வாங்கியவர்கள் யார் தெரியுமா? அதே நிறுவனத்தில் அலுவலக மின்னஞ்சலை உலாவியில் காட்ட முயன்று கொண்டிருந்த 'அவுட்லுக்' குழுவினர்! அலுவலகத் தேவைக்காகப் பிறந்த இந்தச் சிறு வசதிதான் பின்னாளில் வரைபடங்கள் முதல் விளையாட்டுகள் வரை அனைத்தையும் உலாவிக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

ஷேர்பாயிண்ட் சொன்ன முதல் விடை, நிரல் வழங்கியிலேயே ஓடட்டும் என்பது. பல வழங்கிகள் சேர்ந்த தொகுதிக்கு அவர்கள் 'பண்ணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனவே இதற்குப் 'பண்ணைத் தீர்வு' என்று பெயர். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் இது நன்கு ஒழுங்குபட்டது. சொந்த வீட்டில் குடியிருப்பதைப் போன்றது இது. எந்தச் சுவரையும் இடிக்கலாம். எங்கும் ஆணி அடிக்கலாம். நிறுவனத்தின் நிரல், ஷேர்பாயிண்டின் சொந்த நிரலோடு தோளுரசி, அதே நினைவகத்தில், முழு அதிகாரத்தோடு ஓடியது.

சுவரை இடிக்கலாம் என்றால் வீடு விழவும் கூடும் அல்லவா? ஷேர்பாயிண்டின் ஒரு தளத்தைத் திறந்து படிக்கும் நிரலர், வேலை முடிந்ததும் 'இது எனக்கு இனி வேண்டாம்' என்று சொல்லி நினைவகத்தை விடுவிக்க வேண்டும். சொல்ல மறந்தால் அந்த இடம் அடைபட்டே கிடக்கும். ஒருமுறை மறந்தால் பெரிய கேடில்லை. ஆயிரம் பேர் பார்க்கும் முகப்புப் பக்கத்தில் மறந்தால், மாலைக்குள் வழங்கி மூச்சு முட்டிப் போகும். பாதிக்கப்படுவது அந்தப் பக்கம் மட்டுமா? அந்த வழங்கியை நம்பியிருக்கும் எல்லாத் துறைகளுமே தவிக்கும். விடுப்புப் படிவத்தில் ஒருவர் மறந்த ஒரு வரி, கணக்குத் துறையின் வேலையை நிறுத்திவிடும். புதிய பதிப்புக்கு மாறும்போதோ பழைய நிரல்கள் வழிமறித்துக்கொண்டு நின்றன.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பண்ணைத் தீர்வில் இரகசியம் இரகசியமாக இருந்தது. கடவுச்சொல்லும் கணக்கிடும் விதியும் வழங்கிக்குள் பூட்டிக் கிடந்தன; பயனரின் உலாவிக்கு அவை வரவே இல்லை. இந்த நற்குணத்தைப் பின்னால் நினைவுபடுத்திக்கொள்வோம்.

இரண்டாம் விடை 2010-இல் வந்தது. அதன் பெயர் 'மணல்பெட்டி'. மேலைநாட்டுப் பூங்காக்களில் சிறுவர் விளையாட மணல் நிரப்பிய பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். எவ்வளவு கிளறினாலும் மணல் பெட்டிக்கு வெளியே போகாது. அதுபோல நிறுவனத்தின் நிரலைத் தனியொரு செயல்முறையில் அடைத்து ஓட்டினார்கள். அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் நினைவகத்துக்கும் புள்ளிகள் கணக்கிட்டார்கள். ஒரு தளத் தொகுப்புக்கு நாளொன்றுக்கு 300 புள்ளிகள் என்பது இயல்பான அளவு. அது தீர்ந்தால் அந்தத் தொகுப்பிலுள்ள மணல்பெட்டி நிரல்கள் எல்லாம் அன்றைய பொழுதுக்கு நின்றுவிடும். பங்கீட்டு அட்டை முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டில் ஒருவர் சர்க்கரை முழுவதையும் தின்றுவிட்டால் மற்றவர்களுக்கு அன்று காப்பி இல்லை. வெளியுலகச் சேவைகளோடு பேசவும் அந்நிரல்களுக்கு அனுமதி இல்லை. பாதுகாப்பான பெட்டிதான்; ஆனால் அதற்குள் பயனுள்ள எதையும் கட்டுவது கடினமாக இருந்தது. மூன்றாண்டுக்குள் இம்முறையைக் கைவிடத் தொடங்கினார்கள். 2016-இல், இணையவழி ஷேர்பாயிண்டில் நிரல் கொண்ட மணல்பெட்டிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன.

இங்கே 'இணையவழி ஷேர்பாயிண்ட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2011-இல் 'ஆஃபீஸ் 365' என்ற சேவையை மைக்ரோசாஃப்ட் தொடங்கியது. நிறுவனங்கள் சொந்த வழங்கி வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் கணிப்பொறிகளில் வாடகைக்கு இடம் எடுத்துக்கொள்ளலாம். இப்படி இடம் எடுத்த நிறுவனத்தை அவர்களே 'குடித்தனக்காரர்' என்றுதான் அழைக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிவிட்டார். மேல்மாடிக்காரர் சுவரைத் துளைத்தால் கீழ்மாடிக்காரர் வீட்டில் தண்ணீர் ஒழுகும். ஆகவே, பிறர் எழுதிய நிரலை வழங்கியில் ஓடவிடுவதில்லை என்ற முடிவுக்கு உரிமையாளர் வந்தார். இந்த முடிவில் தவறு காண இயலாது. ஆனால் நிரல் எங்கேயாவது ஓடித்தானே ஆக வேண்டும்?

அதற்கு மூன்றாம் விடையாக 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செயலி' முறை வந்தது. 2015-இல் இதற்கே 'ஆட்-இன்' என்று பெயர் மாற்றினார்கள். நிறுவனத்தின் நிரல் ஒன்று, தனியாக வேறொரு வழங்கியில் ஓடலாம். அல்லது முழுக்க முழுக்க உலாவியில் ஓடலாம். மைக்ரோசாஃப்டே வழங்கியை ஏற்பாடு செய்து தரும் மூன்றாவது வகை ஒன்றும் முன்னோட்டமாக வந்தது. 2014-இல் அது மூடப்பட்டது. உலாவியில் ஓடும் வகைதான் நம் கவனத்துக்கு உரியது. அதன் உட்கருத்து மிக அழகானது.

உலாவிகளில் 'ஒரே மூலம்' என்றொரு பழைய விதி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த காலத்தை ஒட்டி நெட்ஸ்கேப்பில் உருவானது. ஒரு முகவரியிலிருந்து வந்த நிரல், வேறொரு முகவரியிலிருந்து வந்த பக்கத்துக்குள் கை நீட்டக் கூடாது என்பதே அவ்விதி. நீங்கள் உலாவியின் ஒரு தாவலில் வங்கிக் கணக்கையும் மற்றொன்றில் ஏதோ விளையாட்டையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். விளையாட்டின் நிரல் வங்கிப் பக்கத்தைப் படித்துவிடாமல் காப்பது இந்த விதிதான். ஷேர்பாயிண்ட் என்ன செய்தது? ஒவ்வொரு செயலிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த தனி முகவரி ஒன்றைக் கொடுத்தது. தாய்ப் பக்கத்துக்குள் ஒரு சன்னலைத் திறந்து, அதன் வழியே செயலியைக் காட்டியது. சன்னலுக்கு அப்பால் இருப்பது வேறு முகவரி. எனவே 'ஒரே மூலம்' விதிப்படி அந்த நிரலால் தாய்ப் பக்கத்தைத் தொட இயலாது. அதோடு, எந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும், எதில் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு செயலியும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். செயலிக்கென்று தனி அடையாளம், தனி அனுமதி. பாதுகாப்பு இலக்கணத்தில் இதைவிட நல்ல பாடம் காட்டுவது கடினம்.

நடைமுறையில் இது தோற்றது. எப்படி என்கிறீர்களா? சன்னல்கள்தான் காரணம்! ஒரு பக்கத்தில் ஐந்து செயலிகள் இருந்தால் ஐந்து சன்னல்கள். ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கத்தைத் தனித்தனியே வரவழைத்துக்கொள்ளும். திரை நிரம்ப நேரமாகும். உள்ளே இருக்கும் படிவம் நீண்டுவிட்டால் சன்னல் தானாக நீளாது. 'எனக்கு இடம் போதவில்லை, பெரிதாக்கு' என்று உள்ளிருந்து வெளியே ஒரு செய்தி அனுப்ப வேண்டும்! கைப்பேசியின் சிறு திரையில் இந்தச் சன்னல்கள் பிதுங்கின. எழுத்தின் அளவும் நிறமும் சுற்றியுள்ள பக்கத்தோடு ஒட்டாமல் நின்றன.

அலுவலகத்தார் என்ன செய்தார்கள்? அதிகாரப்பூர்வமான எந்த விடையையும் எடுத்துக்கொள்ளாமல் தாங்களே ஐந்தாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நேரடியாக நிரலை ஒட்டிவிட ஒரு சிறு பெட்டி ஷேர்பாயிண்டில் இருந்தது. 'ஜேகுவெரி' என்ற புகழ்பெற்ற நிரல் தொகுப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள பொத்தானை மறைப்பது, நிறத்தை மாற்றுவது, பட்டியலை அழகாக அடுக்குவது என்று எல்லா வேலைகளையும் அதிலேயே செய்தார்கள். கற்பதற்கு எளிது, செலவு இல்லை, உடனே பலன் தெரியும். இதைப் பண்டிதர்கள் பழித்தார்கள். எனக்கென்னவோ பழிக்கத் தோன்றவில்லை. கருவி வசதியாக இல்லையென்றால் மக்கள் வேறு கருவியைத் தேடுவது இயல்பு. ஆனால் கேடு ஒன்று இருந்தது. 'மூன்றாவது பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது பொத்தான்' என்று அடையாளம் சொல்லித்தான் இந்நிரல்கள் வேலை செய்தன. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தின் அமைப்பைச் சற்றே மாற்றினாலும் இரண்டாவது பொத்தான் நான்காவதாகிவிடும். சொந்த வழங்கியில் இத்தகைய மாற்றம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்தது. வாடகை வீட்டிலோ, எந்த வாரத்திலும் சொல்லாமல் வரலாம்.

நான்காம் விடை இந்த மக்கள் வழியைப் பார்த்துப் பிறந்தது. 2016 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டு, 2017 பிப்ரவரியில் எல்லோர் பயன்பாட்டுக்கும் வந்த இதன் பெயர் 'ஷேர்பாயிண்ட் ஃபிரேம்வொர்க்'. இனி இதைச் 'சட்டகம்' என்று அழைப்போம். நிரல் உலாவியில்தான் ஓடும், சன்னல் கிடையாது, தாய்ப் பக்கத்திலேயே மற்றப் பெட்டிகளோடு ஒன்றாக ஓடும். ஆனால் எங்கே நுழையலாம், எந்த இடத்தில் எழுதலாம் என்பதற்கு ஒழுங்கான வாசல்கள் வைத்திருக்கிறார்கள். பொத்தானை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். டைப்ஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட் என்று உலகெங்கும் வலை நிரலர்கள் பயன்படுத்தும் திறந்த கருவிகளையே இதுவும் பயன்படுத்துகிறது. இது மாணவர்களுக்குப் பெரிய நன்மை. பண்ணைத் தீர்வைக் கற்றவரின் அறிவு ஷேர்பாயிண்டுக்கு வெளியே பெரிதும் செல்லாக்காசு; சட்டகத்துக்காக ரியாக்ட் கற்றவர் நாளை வேறெந்த வேலைக்கும் போகலாம். 2019 முதல் இதே நிரலை 'டீம்ஸ்' என்ற கலந்துரையாடல் மென்பொருளிலும் பொருத்த முடிகிறது. பக்கங்கள் விரைவாகத் திறக்கின்றன. நான்கு விடைகளிலும் பயனருக்கு மிக இனியது இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் குறை என்ன? சன்னலை எடுத்தபோது, சன்னல் காத்துக்கொண்டிருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

சட்டகத்தில் எழுதிய நிரலுக்கு ஷேர்பாயிண்டுக்குள் தனி அடையாளம் இல்லை. பக்கத்தைத் திறப்பவர் யாரோ, அவருடைய அதிகாரம் முழுவதும் அந்நிரலுக்கு வந்துவிடுகிறது. முகப்புப் பக்கத்தில் இன்று பிறந்தநாள் கொண்டாடுவோர் பெயரைக் காட்டும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைநிலை ஊழியர் அப்பக்கத்தைத் திறந்தால் அப்பெட்டியின் நிரல் அவர் பார்க்கக்கூடியதை மட்டும் பார்க்கும். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அதே பக்கத்தைத் திறந்தால்? அவர் அழிக்கக்கூடிய கோப்புகளை எல்லாம் அந்தப் பிறந்தநாள் பெட்டியாலும் அழிக்க இயலும். அது அழிக்காமல் இருப்பதற்குக் காரணம், எழுதியவர் நல்லவர் என்பது மட்டுமே. பழைய செயலி முறையில் 'பிறந்தநாள் பட்டியலைப் படிக்க மட்டும் அனுமதி' என்று வரம்பிட முடிந்தது. இங்கே அந்த வரம்பு இல்லை.

ஷேர்பாயிண்டுக்கு வெளியே உள்ள மின்னஞ்சல், நாட்குறிப்பு போன்றவற்றைத் தொட வேண்டுமானால் நிரல் அனுமதி கேட்கத்தான் வேண்டும்; நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும். இது நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். ஆனால் ஒப்புதல் யாருக்குப் போகிறது தெரியுமா? கேட்ட நிரலுக்கு மட்டும் போவதில்லை. அந்தக் குடித்தனத்தில் ஓடும் சட்டக நிரல்கள் அனைத்துக்கும் பொதுவாகப் போகிறது. விடுப்புப் படிவத்துக்காக 'பயனரின் நாட்குறிப்பைப் படிக்கலாம்' என்று ஒப்புதல் தந்தால், நாளை யாரோ சேர்க்கும் வானிலைப் பெட்டியும் கேட்காமலே அதைப் படிக்கலாம். ஒரு பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சாவி, வீட்டுக்கு வருகிற அத்தனை பிள்ளைகளின் கையிலும் புழங்குவது போன்றது இது. மைக்ரோசாஃப்டின் விளக்க ஏடுகள் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. இதற்கு மாற்றாக, தனி முகவரியும் சன்னலும் கொண்ட 'தனிமைப்படுத்திய பெட்டி' ஒன்றை 2019-இல் கொண்டுவந்தார்கள். பின்னர் அதையும் ஓய்வுபெறச் செய்வதாக அறிவித்துவிட்டார்கள்.

அந்நிரலை எழுதியவர் ஒருவர்தானா என்றும் பார்க்க வேண்டும். சட்டகத்தில் ஒரு சிறு படிவம் எழுதத் தொடங்கினால், அதற்குத் துணையாக நூற்றுக்கணக்கான நிரல் பொட்டலங்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து இறங்குகின்றன. அவற்றுள் பல, கருவிகள் மட்டுமே. சில உங்கள் நிரலோடு கலந்து பயனரின் உலாவி வரை போகின்றன. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் பதினொரு வரிப் பொட்டலம் ஒன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டும் வேலை உலகெங்கும் அன்று தடைப்பட்டது. எடுத்ததால் வந்தது தடை. அதே பொட்டலத்தில் யாராவது தீய வரியொன்றைச் சேர்த்திருந்தால்?

இரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்ணைத் தீர்வில் பூட்டிக் கிடந்த விதிகளும் சாவிகளும் இங்கே உலாவிக்கு வந்துவிடுகின்றன. உலாவிக்கு வந்த எதையும் பயனர் படிக்கலாம். ஒரு விசையை அழுத்தினால் நிரலர் கருவிப்பலகை திறக்கிறது. பக்கத்தின் நிரல் முழுவதும் கண்முன் நிற்கிறது. 'மேலதிகாரி அல்லாதவருக்கு ஒப்புதல் பொத்தானைக் காட்டாதே' என்று நிரலில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும் நிரலர்கள் உண்டு. பொத்தான் இல்லாவிட்டால் என்ன? அந்தப் பொத்தான் வழங்கிக்கு அனுப்பும் செய்தியை ஊழியரே தட்டச்சிட்டு அனுப்பலாமே! விடுப்புப் பட்டியலில் 'ஒப்புதல்' என்ற கட்டத்தை மாற்றும் உரிமை அவருக்கு இருந்தால், வழங்கி அச்செய்தியை ஏற்றுக்கொள்ளும். பொத்தானை மறைப்பது திரைச்சீலை. பட்டியலின் உரிமையை வரையறுப்பதுதான் பூட்டு. இந்த வேறுபாட்டைப் பயிற்சிப் புத்தகங்கள் பல ஒரு வரியில் தாண்டிப் போகின்றன என்பது என் குறை.

உலாவியிலோ மேசைக் கணிப்பொறியிலோ ஓடும் நிரலுக்கு வரம்பிடவே முடியாதா? முடியும் என்று காட்டிய பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1989-இல் வெளிவந்த 'லோட்டஸ் நோட்ஸ்' என்ற கூட்டுப்பணி மென்பொருளை ரே ஓசி என்பவரின் குழு உருவாக்கியது. 1970களில் இலினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' கணிப்பொறி அமைப்பில் இருந்த குறிப்பேட்டு வசதியே அதற்கு வித்து. நோட்ஸில் நிரல் பயனரின் மேசைக் கணிப்பொறியில்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு நிரலிலும் அதை எழுதியவரின் எண்முறைக் கையொப்பம் இருக்கும். 1990களில், இன்னார் கையொப்பமிட்ட நிரல் கோப்பைத் தொடலாமா, அஞ்சல் அனுப்பலாமா என்று வரையறுக்கும் பட்டியல் ஒன்றைப் பயனரின் கணிப்பொறியிலேயே வைத்தார்கள். வரம்பு மீறினால் எச்சரிக்கை தோன்றும். நோட்ஸின் தோற்றத்தை அழகென்று சொல்ல எனக்கு நாக்கு வராது. எச்சரிக்கையைப் படிக்காமலே 'நம்புகிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போன பயனர்களும் ஏராளம். ஆயினும் நிரல் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விடை இருந்தது. நோட்ஸ் 1995-இல் ஐ.பி.எம். நிறுவனத்திடமும், 2019-இல் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்திடமும் கைமாறியது. இத்தனை கைகள் மாறியும், பழைய நோட்ஸ் படிவங்கள் புதிய பதிப்புகளில் ஓட வேண்டும் என்ற பிடிவாதத்தை அது விடவில்லை.

ஷேர்பாயிண்டில் நிலைமை வேறு. மூன்றாம் விடையான செயலி முறையை 2026 ஏப்ரல் 2 அன்று இணையவழிச் சேவையில் நிறுத்திவிடுவதாக 2023 நவம்பரில் அறிவித்தார்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதின்மூன்று ஆண்டுகள். மென்பொருள் உலகில் இது நீண்ட காலம் என்பார்கள். ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுக்கும், ஒரு நகராட்சியின் வரிப் படிவத்துக்கும் இது குறுகிய காலம். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். எழுதிய தாள்கள் கிடைக்காது. படிவம் மட்டும் தினமும் தேவைப்படும். மீண்டும் எழுதும் செலவு அலுவலகத்தின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது? இணையவழிச் சேவையில் இருப்பவருக்குப் பக்கத்தோடு ஒட்டிய படிவம் வேண்டுமென்றால் சட்டகம்தான் வழி. இதில் தயங்க ஒன்றுமில்லை. நான் வாதாடுவது, அதற்குள் எதை வைப்பது என்பதைப் பற்றித்தான். படிவத்தைக் காட்டும் பகுதி உலாவியில் இருக்கட்டும். யாருக்கு எத்தனை நாள் விடுப்பு மீதி என்று கணக்கிடும் விதி, சம்பளத் துறையோடு பேசும் சாவி போன்றவற்றை நிறுவனத்தின் தனி வழங்கி ஒன்றில் சிறு சேவையாக வைத்து, உலாவி அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் சேவை, கேட்பவர் யார் என்பதைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். உலாவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. இதில் வேலை கூடுதல்தான்; வழங்கிக்குச் செலவும் உண்டு. ஆனால் ஐந்தாம் விடை ஒன்று நாளை வரும்போது, மாற்றி எழுத வேண்டியது காட்டும் பகுதியை மட்டுமே. சட்டகத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு பொட்டலத்தையும் நிர்வாகி ஒருவர் வாங்கிப் பார்த்துத்தான் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த ஒருவர் நிரலைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் மேலே சொன்ன அச்சங்களில் பாதி குறைந்துவிடும். பல அலுவலகங்களில் அவர் பொத்தானை மட்டும் அழுத்துகிறார்.

சொந்த வழங்கியை விடாமல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் இடுக்கானது. இணையவழிச் சேவையில் சட்டகம் ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கப்படுகிறது. சொந்த வழங்கியில் அது வாங்கிய நாளில் உறைந்துவிடுகிறது. ஷேர்பாயிண்ட் 2016-க்குச் சட்டகத்தின் 1.1 பதிப்பு, ஷேர்பாயிண்ட் 2019-க்கு 1.4.1, அவ்வளவுதான். அந்த 1.4.1 பதிப்பு, நோட் கருவியின் 6 அல்லது 8ஆம் பதிப்போடு மட்டுமே ஒத்துப்போகும். நோட் 8-க்கான ஆதரவை அதை உருவாக்கியவர்கள் 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். 2019 வழங்கிக்கு மைக்ரோசாஃப்ட் குறித்திருக்கும் ஆதரவுக் காலமோ 2026 ஜூலை 14 வரை நீள்கிறது. அத்தகைய அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் மாணவர், கல்லூரியில் கற்ற புதிய ரியாக்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழைய நோட் பதிப்பைத் தேடி இறக்கி, தன் கணிப்பொறியில் தனியே நிறுவிக்கொண்டுதான் முதல் நாள் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.